மின்காருக்கு வீட்டுச் சார்ஜர்: பெட்டிக்கு முன் வயரும் எர்த்தும்

மின்காரை முன்பதிவு செய்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், எந்த நிறுவனத்தின் சார்ஜரை வாங்குவது என்பதாகவே இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளின் மின்சார அமைப்பைப் பார்த்தால், அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டுக்கு ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு வந்திருக்கிறதா மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்பு வந்திருக்கிறதா, மீட்டரிலிருந்து வண்டி நிற்கும் இடம் எவ்வளவு தூரம், எர்த் ஒழுங்காக வேலை செய்கிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், சுவரில் எந்தப் பெட்டியை மாட்டுவது என்பது ஏறத்தாழத் தானாகவே முடிவாகிவிடும். மின்பணி தெரியாத ஒருவர் விற்பனையாளரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் சரியான கேள்விகளைக் கேட்பதற்குத் தேவையான அளவுக்கு இந்த விஷயங்களை இங்கே பார்க்கலாம்.

உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது

பேட்டரி நேர்திசை மின்சாரத்தை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கருவிதான் முறைப்படி சார்ஜர் எனப்பட வேண்டியது. நம் சந்தையில் விற்கும் மின்கார்களில் அக்கருவி காருக்குள்ளேயே பொருத்தப்பட்டு வருகிறது. நாம் சார்ஜர் என்று சொல்லிச் சுவரில் மாட்டும் பெட்டி மின்சாரத்தை மாற்றுவதில்லை. அது வீட்டு மின்சாரத்தை அப்படியே காருக்கு அனுப்பும், அனுப்புவதற்கு முன்பும் அனுப்பும்போதும் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் அதன் பணி.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன்தரும். கேபிளின் முனையைக் காரில் செருகிய உடனே மின்சாரம் பாய்ந்துவிடுவதில்லை. கேபிளுக்குள் பெரிய கம்பிகளோடு ஒரு மெல்லிய கம்பியும் ஓடுகிறது. பெட்டி அதன் வழியே 12 வோல்ட் அளவிலான துடிப்புச் சைகை ஒன்றை நொடிக்கு 1,000 முறை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கொண்டு, தான் எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்பதைக் கார் அறிந்துகொள்கிறது; சைகையின் வோல்ட்டைக் குறைத்து, தான் தயார் என்பதைத் தெரிவிக்கிறது. அதன் பிறகுதான் பெட்டிக்குள் இருக்கும் தானியங்கிச் சுவிட்ச் மூடி மின்சாரம் செல்லும். கேபிளைக் கழற்ற முயன்றாலோ எர்த் அறுந்தாலோ அந்தச் சைகை மாறிவிடும், மின்சாரம் நின்றுவிடும். மழையில் கார் சார்ஜ் ஆகலாமா என்ற அச்சத்துக்கு இதுவே பதில்: நல்ல நிலையில் உள்ள கேபிளின் வெறும் முனையில் மின்சாரமே இருக்காது.

இதிலிருந்து வாங்குபவருக்கு முக்கியமான ஒரு விளைவு பிறக்கிறது. சார்ஜ் ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பவை மூன்று: காருக்குள் உள்ள சார்ஜரின் திறன், சுவர்ப் பெட்டியின் திறன், வீட்டு வயரிங்கின் திறன். இவற்றுள் எது சிறியதோ அதுவே வேகம். எம்ஜி காமெட் 2023இல் அறிமுகமானபோது அதற்குள் இருந்தது 3.3 கிலோவாட் சார்ஜர். அந்தக் காருக்கு 7.2 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் 3.3 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது. டாடா நெக்ஸான் போன்ற கார்கள் 7.2 கிலோவாட் வரையும், ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் 11 கிலோவாட் வரையும் மாறுதிசை மின்சாரத்தை ஏற்கும். எனவே பெட்டியின் விளம்பரத்தைப் படிப்பதற்கு முன், காரின் விவரக்குறிப்பில் மாறுதிசைச் சார்ஜிங் திறன் எவ்வளவு என்ற ஒரே ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலை உணவகங்களில் இருக்கும் வேகச் சார்ஜர்கள் வேறு இனம். அவை நேர்திசை மின்சாரத்தைத் தாமே தயாரித்து, காருக்குள் உள்ள சார்ஜரைத் தவிர்த்துவிட்டு நேரே பேட்டரிக்கு அனுப்புகின்றன. 30, 60 கிலோவாட் என்று அவற்றின் திறன் தொடங்குவதால் வீட்டு இணைப்பில் அவற்றுக்கு இடமில்லை. இருசக்கர மின்வாகனங்கள் பலவற்றுக்கோ சார்ஜர் தனியே கையில் வருகிறது. அது பெரும்பாலும் 1 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடுவதால், ஒழுங்கான எர்த் உள்ள ஒரு பிளக் பாயிண்ட் போதும். ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையில் எர்த் பற்றிய பகுதியை மட்டும் படித்தால்கூடப் போதுமானது.

எவ்வளவு வேகம் வேண்டும்?

விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் கணக்கு, காலிப் பேட்டரியை முழுதாக நிரப்ப எத்தனை மணி நேரம் என்பது. 40 யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளும் பேட்டரியை எடுத்துக்கொண்டால், சார்ஜ் ஏறும்போது வெப்பமாகவும் பிற வகையிலும் 10 முதல் 15 விழுக்காடு வீணாவதால், சுவரிலிருந்து ஏறத்தாழ 45 யூனிட் எடுக்க வேண்டியிருக்கும். 3.3 கிலோவாட்டில் அதற்குப் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 7.2 கிலோவாட்டில் ஆறேகால் மணி நேரமும் ஆகும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாரும் பெரிய பெட்டியைத்தான் கேட்பார்கள்.

ஆனால் அன்றாட வாழ்க்கையில் பேட்டரி காலியாவதில்லை. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் அவர் செலவழிப்பது 6 யூனிட்டுக்கும் குறைவு. இழப்பையும் சேர்த்தால் ஆறரை யூனிட். 3.3 கிலோவாட் பாயிண்டில் அது இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். இரவு 10 மணிக்குச் செருகிக் காலை 6 மணிக்குக் கழற்றும் வீட்டில், அந்தச் சிறிய பாயிண்டே ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்கான மின்சாரத்தைத் தந்துவிடும். ஒவ்வொரு நாளும் அதைவிட அதிகம் ஓட்டுபவர்கள் வாடகைக் கார் ஓட்டுநர்களும் விற்பனைப் பணிக்காக ஊர் ஊராகச் செல்பவர்களும்தான்.

ஆகவே என் கணிப்பில், நகரத்துக்குள் ஓடும் ஒற்றைக் கார் வீட்டுக்கு 3.3 கிலோவாட் போதுமானது. 60 யூனிட்டுக்கு மேல் கொள்ளும் பேட்டரி உள்ள கார், ஒரே வீட்டில் இரண்டு மின்கார்கள், வாரந்தோறும் வெளியூர்ப் பயணம், மின்வெட்டால் இரவில் சில மணி நேரமே நிலையான மின்சாரம் கிடைக்கும் ஊர் என்று ஏதேனும் ஒரு காரணம் இருந்தால் 7.2 கிலோவாட் பெட்டிக்குச் செல்வது நியாயம். 11 கிலோவாட் பெட்டி மும்முனை இணைப்பில் மட்டுமே முழுத் திறனைக் காட்டும். அதுவும் காருக்குள் இருக்கும் சார்ஜர் மும்முனை மின்சாரத்தை ஏற்கும் வகையாக இருந்தால் மட்டுமே. ஒருமுனைச் சார்ஜர் உள்ள கார் அந்தப் பெட்டியின் மூன்று முனைகளுள் ஒன்றைத்தான் பயன்படுத்தும்.

15 ஆம்ப் பாயிண்ட் எவ்வளவு நம்பத்தக்கது?

காரோடு வரும் கையடக்கச் சார்ஜரை ஏசிக்கோ கெய்சருக்கோ போட்ட 15 ஆம்ப் பாயிண்டில் செருகலாம் என்று சொல்வார்கள். 230 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 3,450 வாட், எண்ணளவில் பொருந்துகிறது. பொருந்தாதது நேரம். கெய்சர் கால் மணி நேரம் ஓடி நிற்கும், ஏசியின் கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். கார் மட்டுமே தன் முழு ஆம்பியரையும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். சாக்கெட்டின் பித்தளைப் பிடிகள் சற்றுத் தளர்ந்திருந்தாலும், பின்னால் திருகு முழுதாக இறுகாமல் இருந்தாலும், அந்த இடத்தில் மெல்ல மெல்லச் சூடு ஏறிப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகத் தொடங்கும். அங்கே மின்கசிவும் இல்லை, மிகை மின்னோட்டமும் இல்லை. எனவே மிகை மின்னோட்டத்தில் தானே விழும் பாதுகாப்புச் சுவிட்சான எம்சிபி விழாது. இதுதான் இதில் உள்ள அபாயம்.

எனவே பழைய பாயிண்டைப் பயன்படுத்தாமல், மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி வயர் இழுத்து, அதற்கெனத் தனி எம்சிபியும் வைத்துப் புதிய பாயிண்ட் போடுவது நல்லது. வீட்டுச் சாக்கெட்டுக்குப் பதிலாக, பட்டறைகளில் பார்க்கும் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டைப் பொருத்தினால் பிடிமானம் உறுதியாக இருக்கும். ஆனால் கையடக்கச் சார்ஜரின் பிளக் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனத்தையே கேட்டு மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அடாப்டரை மாட்டுவது சூடாகும் இடத்தை ஒன்றிலிருந்து இரண்டாக்குவதாகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மின்வாகனச் சார்ஜிங் நிலையங்களுக்கான மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் நீட்டிப்புக் கேபிளைத் தடை செய்கின்றன. ஒவ்வொரு சார்ஜிங் பாயிண்டுக்கும் தனிச் சுற்று வேண்டும் என்றும், சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. வீட்டுக்கும் அதையே அளவுகோலாகக் கொள்வதில் நட்டம் ஏதும் இல்லை.

கையடக்கச் சார்ஜரிலோ காரின் திரையிலோ ஆம்பியரைக் குறைக்கும் வசதி பல கார்களில் உண்டு. வாடகை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பாயிண்டைப் பயன்படுத்தியே தீர வேண்டிய நாளில், அதை 10 ஆம்பியரிலோ அதற்குக் கீழோ வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்க்கும்போது கை வைக்க முடியாத சூடு இருந்தால், அன்றைய சார்ஜிங்கை நிறுத்திவிட வேண்டும்.

மின்பளுவும் முனையும்

ஒவ்வொரு இணைப்புக்கும் இத்தனை கிலோவாட் வரை என்று தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் அனுமதித்த மின்பளு ஒன்று உண்டு. வீடு கட்டிய காலத்தில் விளக்கும் மின்விசிறியும் ஒரு மோட்டாரும் மட்டுமே இருந்து, பின்னர் இரண்டு ஏசி சேர்ந்த வீடுகளில் அந்த அளவு ஏற்கெனவே மீறப்பட்டிருக்கக்கூடும். அதன் மேல் 7.2 கிலோவாட் ஏறினால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும் மீட்டருக்கு அருகில் உள்ள ஃபியூஸும் அதைத் தாங்க வேண்டும். கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துவது வெறும் சடங்கு போலத் தோன்றலாம். ஆனால் தெருவின் மின்மாற்றிக்கு எவ்வளவு சுமை வரப்போகிறது என்பதை மின்வாரிய அலுவலகம் அறிவது அந்த விண்ணப்பத்தின் வழியாகத்தான். வீட்டு இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்பதை மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் தெளிவாகவே கூறுகின்றன. 2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, விரும்புவோர் மின்வாகனத்துக்கெனத் தனி இணைப்பும் கேட்கலாம்.

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 7.2 கிலோவாட் ஒருமுனைப் பெட்டி ஒரே முனையிலிருந்து 32 ஆம்பியர் எடுக்கும். அதே முனையில் படுக்கையறை ஏசியும் மோட்டாரும் இருந்தால் இரவு நேரத்தில் அந்த முனை மட்டும் திணறும்; மற்ற இரண்டும் சும்மா இருக்கும். எந்த முனையில் எது இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, காரைச் சுமை குறைந்த முனையில் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு முனை போய்விட்டால் சுமையை இன்னொரு முனைக்குத் திருப்பும் சுவிட்சைப் பலர் வைத்திருக்கிறார்கள். கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது அதைத் திருப்பினால், வீடு முழுவதும் 32 ஆம்பியர் காரோடு சேர்ந்து ஒற்றை முனையில் தொங்கும். சார்ஜரின் சுற்றை அந்தச் சுவிட்சுக்குள் வராமல் தனியே பிரித்துவிடுவது எளிய தீர்வு. இன்வெர்ட்டர் வழியாகவும் அந்தச் சுற்று போகக் கூடாது.

மாலை நேரத்தில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களில் கார் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. காரின் சார்ஜர் ஆம்பியர் வரம்பைத் தாண்டாது. ஆகையால் 15 ஆம்பியர் பாயிண்டில் 3,450 வாட்டுக்குப் பதிலாக 2,850 வாட் ஏறும், அதாவது வேகம் குறையும். மிகவும் இறங்கினால் பெட்டி தானே நிறுத்திக்கொண்டு, அழுத்தம் சீரானதும் மீண்டும் தொடங்கும். நள்ளிரவுக்குப் பின் சார்ஜ் தொடங்குமாறு காரிலேயே நேரம் குறித்துவைப்பது இத்தகைய ஊர்களில் பயன் தரும். இடிமின்னல் மிகுந்த பகுதிகளிலும், மின்சாரம் போய்த் திரும்பும்போது அழுத்தம் எகிறும் இடங்களிலும், மெயின் போர்டில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். காருக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் அது காவல்.

கட்டணத்தையும் முன்னதாகவே கணக்கிட்டுவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிநிலை முறையில் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி அதற்குக் கீழே உள்ள படிகளில் சிலவற்றுக்கும் கூடுதல் விலை பொருந்தும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 390 யூனிட் எடுக்கும். அதுவரை 300 யூனிட் செலவழித்த வீடு ஏறக்குறைய 700 யூனிட்டுக்குப் போய்விடும். காருக்கான செலவு என்பது 390ஐச் சராசரி விலையால் பெருக்கி வருவதன்று; 700 யூனிட்டுக்கான கட்டணத்திலிருந்து 300 யூனிட்டுக்கான கட்டணத்தைக் கழித்து வருவதே. அப்படிக் கணக்கிட்டாலும் பெட்ரோலைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்றாலும், விற்பனைக் கூடத்தில் சொல்லும் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்ற கணக்கோடு அது ஒத்துப்போகாது. தனி இணைப்பு வாங்க நினைப்பவர்கள், அது எந்தக் கட்டண வகையில் தரப்படும், நிலைக்கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொண்டு இதே கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும். கூரையில் சூரியத் தகடு உள்ள வீட்டில், பகலில் கார் நிற்கும் நாட்களில் சார்ஜ் செய்தால் கட்டண உயர்வின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

வயரின் தடிமன்

மீட்டருக்கும் காருக்கும் இடையே 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்புவதால் கணக்கில் அது 40 மீட்டர் செம்புக் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 15 ஆம்பியர் ஓடினால் அந்தத் தூரத்தில் நாலரை வோல்ட் குறையும். சுவருக்குள் ஏறத்தாழ 67 வாட் வெப்பமாகப் போகும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 32 ஆம்பியர் ஓட்டினால் வீணாவது 190 வாட்டை எட்டும். 6 சதுர மில்லிமீட்டரில் அது 126 வாட்டாகக் குறையும். பழைய மின்குமிழ்கள் இரண்டு மூன்றைச் சுவருக்குள் புதைத்து இரவெல்லாம் எரியவிடுவதற்குச் சமமான இந்த வெப்பம், ஏற்கெனவே நான்கைந்து வயர்கள் அடைந்த குழாய்க்குள் போனால் இன்சுலேஷனின் ஆயுளைத் தின்றுவிடும்.

இக்காரணத்தால் 3.3 கிலோவாட் பாயிண்டுக்குக்கூட 4 சதுர மில்லிமீட்டரும், 7.2 கிலோவாட்டுக்கு 6 சதுர மில்லிமீட்டரும், தூரம் 40 மீட்டரைத் தாண்டினால் 10 சதுர மில்லிமீட்டரும் போடுவது வழக்கம். இன்று 3.3 கிலோவாட் போதும் என்று முடிவு செய்பவரும் 6 சதுர மில்லிமீட்டர் வயரையே இழுத்துவிடலாம் என்பது என் பரிந்துரை. பெட்டியை ஐந்தாண்டு கழித்து அரை மணி நேரத்தில் மாற்றிவிட முடியும். வயரை மாற்ற வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். அலுமினிய வயர் மலிவு என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். வீட்டுச் சுவருக்குள் திருகு இணைப்புகளில் அது காலப்போக்கில் தளரும் இயல்புடையது.

எர்த்: பலரும் தவிர்க்கப் பார்க்கும் செலவு

பெட்டியை மாட்டி மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் எர்த்தான். நம் வீடுகளில் எர்த் என்பது வீட்டோரத்தில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழாய். வீடு கட்டியபோது போட்ட குழாய் துருப்பிடித்திருக்கும். அல்லது அதிலிருந்து வரும் கம்பி திருகிடத்தில் அறுந்திருக்கும். அல்லது அதன் மேல் டைல்ஸ் ஒட்டப்பட்டிருக்கும். விளக்கும் மின்விசிறியும் எர்த் இல்லாமலும் ஓடும் என்பதால் அது செத்துப்போனது யாருக்கும் தெரிவதில்லை. கார் மட்டும் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த நிலையில் சில எலக்ட்ரீஷியன்கள் ஐந்து நிமிடத்தில் ஒரு தீர்வு தருவார்கள்: சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். பெட்டி ஏமாந்து பச்சை விளக்கைக் காட்டும். ஆனால் இனி நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், அது கம்பத்திலோ மீட்டரிலோ எங்கே அறுந்தாலும், திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம் அந்தத் துண்டு வயர் வழியே காரின் உலோக உடலுக்கு வந்து நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர் உடல் வழியாக அது மண்ணுக்கு இறங்கும். கசிவு காட்டும் கருவியும் இந்த இணைப்பில் சரியாக வேலை செய்யாது. இந்தத் தீர்வை முன்வைப்பவரிடம் மேற்கொண்டு வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

முறையான வழி, புதிய எர்த் குழி போட்டு, அதிலிருந்து தடித்த கம்பியை நேரே மெயின் போர்டுக்குக் கொண்டுவந்து, வீட்டின் எர்த்தையும் காரின் எர்த்தையும் அங்கே ஒன்றாகச் சேர்ப்பது. போட்ட பின் எர்த் டெஸ்டர் என்ற கருவியால் மண்ணின் தடையை அளக்கச் சொல்ல வேண்டும். 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நிறைவு கொள்ளலாம். சாதாரண மல்டிமீட்டரால் அதை அளக்க முடியாது. மல்டிமீட்டரால் பார்க்கக் கூடியது வேறொன்று: கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள அளவு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள அளவை ஒட்டியே இருக்க வேண்டும். பாறை நிலத்திலும் மணற்பாங்கான இடத்திலும் ஒரு குழி போதாமல் இரண்டு மூன்றை இணைக்க நேரிடும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து தடை ஏறும்; அதற்காகவே குழியின் வாயை மூடிவிடாமல் தண்ணீர் ஊற்ற வழி வைப்பார்கள்.

எர்த்துக்கு இணையாக இருக்க வேண்டியது, வழக்கில் ஆர்சிசிபி என்றும் பழைய பழக்கத்தில் இஎல்சிபி என்றும் சொல்லப்படும் கசிவுத் தடுப்பான். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். இதில் ஏசி (மாறுதிசை மின்சாரத்தைக் குறிக்கும் AC), ஏ, பி என்று வகைகள் உள்ளன. கடையில் கேட்காமல் கிடைப்பது பெரும்பாலும் ஏசி வகை. காருக்குள் நேர்திசை மின்சாரம் இருப்பதால், பழுது ஏற்பட்டால் நேர்திசைக் கசிவும் வரலாம். அந்தக் கசிவு தடுப்பானின் இரும்புக் கருவை நிறைத்துவிட்டால், உண்மையான ஆபத்து வரும்போது ஏசி வகை விழாமலே நின்றுவிடக்கூடும். எனவே குறைந்தது ஏ வகை வேண்டும். அதோடு, சுவர்ப் பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் வெளியே ஏ வகை போதும், இல்லையென்றால் விலை அதிகமான பி வகை தேவைப்படும். பெட்டிகளை ஒப்பிடும்போது கைப்பேசிச் செயலியும் வண்ண விளக்குகளும் எப்படி என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான்.

பொருத்தும் இடம்

கார் நிற்கும்போது சார்ஜிங் துளை எந்தப் பக்கம் வரும் என்று முதலில் பாருங்கள். சில கார்களில் அது முகப்பிலும் சிலவற்றில் பின்பக்கவாட்டிலும் இருக்கும். பெட்டியோடு வரும் கேபிள் பொதுவாக 5 மீட்டர் அளவில் இருப்பதால், காரைத் திருப்பி நிறுத்தினாலும் எட்டும் இடமே நல்ல இடம். மேற்கு வெயில் நேரே அடிக்கும் சுவரில் பெட்டி சூடாகித் தன் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலே கூரை இல்லாத இடமென்றால் தூசியும் நீரும் புகாத ஐபி 65 தரமுள்ள பெட்டியாகவும், கடற்கரையை ஒட்டிய ஊர்களில் துருப்பிடிக்காத திருகுகள் உள்ளதாகவும் இருக்கட்டும். உயரத்தைப் பொறுத்தவரை விதிப்புத்தகத்தைவிட ஊரின் நினைவு நம்பகமானது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்ற சென்னைப் பகுதிகளில், அன்று சுவரில் தண்ணீர் எட்டிய கோட்டுக்கு மேலே பெட்டியையும் அதன் எம்சிபியையும் வைக்க வேண்டும்.

அடுக்ககங்களில்

சென்னையின் பழைய மூன்று மாடி அடுக்ககங்களில் எல்லா வீடுகளின் மீட்டர்களும் தரைத்தளத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. கார்களும் அதே தளத்தில் நிற்கின்றன. தன் மீட்டரிலிருந்தே தன் காருக்கு வயர் இழுத்துக்கொள்ள இது மிகவும் வசதியான அமைப்பு. கட்டணம் அவரவர் கணக்கில் போகும், பொது மின்சாரத்தைப் பற்றிய சச்சரவு எழாது. சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, வயர் செல்லும் பாதையை வரைபடமாக இணைத்து, குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோனால் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். தீப்பிடிக்கும் என்ற அச்சத்தைக் கூட்டத்தில் யாரேனும் எழுப்புவார்கள். தனிச் சுற்றும் கசிவுத் தடுப்பானும் எர்த் அளவீட்டுச் சான்றும் கையில் இருந்தால் அதற்குப் பொறுமையாக விடை சொல்ல முடியும். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019இல் கொண்டுவந்த திருத்தம், புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 விழுக்காட்டுக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்கிறது. புதிய வீடு வாங்குபவர்கள் கட்டுநரிடம் இதைக் கேட்கலாம்.

நூறு வீடுகள் உள்ள வளாகத்தில் நிலைமை வேறு. இருபது கார்கள் ஒரே நேரத்தில் 7.2 கிலோவாட் எடுத்தால் 144 கிலோவாட். பல வளாகங்களின் மின்மாற்றி அதைத் தாங்காது. அங்கே அவரவர் விருப்பப்படி பெட்டி மாட்டுவதைவிட, இருக்கும் மின்பளுவைக் கார்களுக்குள் பங்கிட்டுத் தரும் பொது அமைப்பு ஒன்றைச் சங்கமே நிறுவுவது அறிவுடைமை. முதல் இரண்டு கார்கள் வரும்போதே அதைத் தொடங்காவிட்டால், பதினைந்தாவது கார் வரும்போது பழைய வயர்களையெல்லாம் பிடுங்க வேண்டியிருக்கும். தனி வீட்டிலும் மின்பளு இறுக்கமாக இருந்தால், வீட்டின் மொத்தப் பயன்பாட்டை அளந்து காரின் ஆம்பியரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன. கைப்பேசியில் பார்க்கும் வசதிகளுள் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நேரம் குறிப்பது, எத்தனை யூனிட் ஏறியது என்று காட்டுவது போன்றவற்றைக் காரே செய்துவிடுகிறது.

வேலை முடியும் நாளில்

வேலையைச் செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரராக இருக்கட்டும். கார் நிறுவனம் அனுப்பும் ஆள் பெரும்பாலும் பெட்டியை மாட்ட மட்டுமே பொறுப்பேற்பார். வயரும் எர்த்தும் குறிப்பிட்ட நீளம் வரைதான் இலவசம் என்றும் சொல்லக்கூடும். அந்த வரம்பை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் குழாய் செல்லும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை உங்கள் கண் முன்னே அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். முதல் சார்ஜிங்கைத் தூங்கப் போகும் நேரத்தில் தொடங்காமல், ஒரு விடுமுறை நாளின் பகலில் தொடங்கி, ஒரு மணி நேரம் கழித்து எம்சிபி, சாக்கெட், கேபிள் முனை ஆகியவற்றின் சூட்டைக் கையால் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். செம்புக் கம்பி முதல் சில நாள் சூட்டில் சற்றுப் படிந்துகொடுப்பதால் புதிய இணைப்புகள் தளர்வது இயல்பு. அதன் பிறகு மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துவதும், ஆண்டுக்கு ஒருமுறை மண் மிகவும் காய்ந்திருக்கும் கோடையில் எர்த்தை அளப்பதும் போதும்.